எட்டு பேரா சிசிலி சுத்தப் போறீங்களா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

2025 செப்டம்பர் கடைசியில நாங்க எட்டு பேர் இத்தாலியில இருக்குற சிசிலி தீவுக்குப் போய்ட்டு வந்தோம், ஆறு பேர் சென்னையில இருந்து, ரெண்டு பேர் ஜெர்மனியில இருந்து, மொத்தம் பத்து ராத்திரி. தீவுல இறங்கின அப்புறம் பெருசா ஒரு தொல்லையும் இல்ல, பட்ட கஷ்டம் எல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி நாலு மாசத்துலயும் கார் எடுக்குற கவுன்டர்லயும்தான். எதை முதல்ல செய்யணும் எதை அப்புறம் செய்யணும்னு தெரியாம வீட்டுக்கு முன்பணம் கட்டிட்டு ஆள் தேடினோம், டிக்கெட் போட்டுட்டு லீவு கேட்டோம். நீங்களாவது தலைகீழா பண்ணாம இருக்கட்டும்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல ஆளை முடிவு பண்ணுங்க, ரூட்டெல்லாம் அப்புறம்

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு டிபி மாத்தினதுமே பாதி பேருக்கு ட்ரிப் போய்ட்டு வந்த திருப்தி வந்துடும். "நான் ரெடிடா"ன்னு வாயால சொல்றவங்களை கணக்குல சேர்க்காதீங்க. ஆளுக்கு 20,000 ரூபா ஒரே ஒருத்தர் அக்கவுன்டுக்கு அனுப்பணும், ஒரு தேதி வச்சுடணும், அந்தத் தேதிக்குள்ள அனுப்பினவங்க மட்டும்தான் குரூப். கறாரா இருக்குன்னு நினைப்பீங்க. நாங்க ஆரம்பத்துல ஒம்பது பேர், ஒம்பது பேருக்கு வீடு பாத்து, கேன்சல் பண்ணா காசு திரும்பாதுன்னு தெரிஞ்சும் "கம்மியா இருக்கே"ன்னு ரெண்டு இடத்துக்கு கட்டியாச்சு, அதுக்கப்புறம் ஒருத்தனுக்கு லீவு கிடைக்கல. அவன் பங்கை யார் போடுறதுன்னு பேசிப் பேசியே ஒரு வாரம் போச்சு, ரெண்டு பேர் இன்னும் சரியா பேசிக்கிறதில்ல.

அந்த 20,000 வாங்கும்போதே நாலு விஷயம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பாஸ்போர்ட் போட்டோ, லீவு உறுதியா, கார் ஓட்டுவீங்களா, சாப்பாட்டுல என்ன கூடாது. பாஸ்போர்ட்டை நீங்களே கண்ணால பாருங்க: கடைசி பத்து வருஷத்துக்குள்ள கொடுத்ததா இருக்கணும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்புற தேதிக்கு அப்புறமும் குறைஞ்சது 3 மாசம் செல்லுபடி இருக்கணும், குறைஞ்சது ரெண்டு காலிப் பக்கம் இருக்கணும். எங்க குரூப்ல ஒருத்தர் பாஸ்போர்ட் நவம்பர்ல முடியுது, அவர் அதை பெருசாவே நினைக்கல. ரின்யூ பண்ணி புது நம்பர் வந்த அப்புறம்தான் அவர் டிக்கெட்டே போட முடிஞ்சுது.

2. மாசம்

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். "நாங்க பாக்காத வெயிலா"ன்னு சொல்லுவீங்க, நானும் சொன்னேன். 2021 ஆகஸ்ட் 11 அன்னைக்கு சிராக்கூசா பக்கத்துல ஃப்ளோரிதியாங்கிற ஊர்ல 48.8 டிகிரி பதிவாச்சு, ஐரோப்பாவோட ரெக்கார்டே அதுதான். அதோட ஆகஸ்ட் 15 ஒட்டி இத்தாலியில எல்லாருக்கும் லீவு, வீட்டு வாடகையும் கார் வாடகையும் எகிறிடும், பீச்சுல துண்டு விரிக்க இடம் இருக்காது. ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் நடு வரைக்கும், இல்லன்னா செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் போங்க. அக்டோபர்ல மழை வரலாம், ஆனா கடல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஏப்ரல்ல கால் வச்சா விறைச்சுடும். நீச்சல் முக்கியம்னா செப்டம்பர், பூவும் பச்சையும் முக்கியம்னா மே.

3. ரூட்: முழு வட்டம் போடாதீங்க

எல்லாரும் செய்யுற தப்பு இது. மேப்புல பாத்தா கையடக்கமா இருக்கும், ஆனா மத்தியதரைக் கடல்லயே பெரிய தீவு இது, 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. கத்தானியாவுல இறங்கி, முழுசா சுத்தி, திரும்ப கத்தானியாவுலயே ஏறணும்னு பிளான் போட்டா கடைசி நாள் ஒண்ணு ரோட்லயே போயிடும். கிழக்கே கத்தானியா ஏர்போர்ட், மேற்கே பாலர்மோ ஏர்போர்ட், ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறுங்க. காரை வேற ஊர்ல விடுறதுக்கு தனியா காசு கேப்பாங்க, கொடுத்துடுங்க, ஒரு நாள் மிச்சம்.

நாங்க போட்டது இப்படி. கத்தானியா 3 ராத்திரி, அங்கிருந்தே எட்னா எரிமலையும் தவோர்மினாங்கிற ஊரும். சிராக்கூசா 2 ராத்திரி, ஒர்த்தீஜியாங்கிற பழைய ஊர்ப் பகுதியை ஒட்டி, அங்கிருந்து நோத்தோங்கிற ஊர். அக்ரிஜெந்தோ 1 ராத்திரி, பழைய கிரேக்கக் கோயில்கள் இருக்குற கோயில் பள்ளத்தாக்குக்காக. த்ராப்பானி 2 ராத்திரி, உப்பளமும் ஃபவிஞ்ஞானா தீவும். கடைசியா பாலர்மோ 2 ராத்திரி. இதுல சிராக்கூசா டு அக்ரிஜெந்தோதான் நீளமான ரோடு, 200 கிலோமீட்டருக்கு மேல, மூணு மணி நேரம்னு மேப் சொல்லும், எட்டு பேர் ஆளுக்கு ஒரு தடவை "ஒரு நிமிஷம் நிறுத்து" சொன்னா அஞ்சு மணி நேரம். மத்ததெல்லாம் ஒண்ணுல இருந்து ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடியும்.

ஏழு நாள்தான் இருக்குன்னா தீவை சுத்துற ஆசையை விட்டுட்டு கிழக்குப் பக்கம் மட்டும் பாருங்க, இல்லன்னா மேற்கு மட்டும். ரெண்டையும் ஏழு நாள்ல அடைச்சா பெட்டி கட்டுறதும் பெட்டி பிரிக்கிறதும்தான் ஞாபகம் இருக்கும்.

4. விசா: இங்கதான் குரூப்பே உடையும்

சென்னை ஆளுங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கு பொதுவா செல்லுற விசா அது. பயணத் தேதிக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி கெடு 15 நாள் முன்னாடி. ஆனா கடைசி கெடுங்கிறது காகிதத்துலதான். அப்ளிகேஷனை பாக்க அவங்களுக்கு 15 நாள் டைம், தேவைப்பட்டா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், அதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணும். நான் சொல்றது மூணரை நாலு மாசம் முன்னாடி உள்ள போயிடுங்க.

ஃபீஸ் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12க்குள்ள இருக்குற பசங்களுக்கு 45 யூரோ. அதுக்கு மேல, அப்ளிகேஷனை வாங்குற வி.எஃப்.எஸ் கம்பெனியோட சர்வீஸ் சார்ஜ், கொரியர், எஸ்எம்எஸ், லவுஞ்சுன்னு ஒவ்வொண்ணா நீட்டுவாங்க, சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான் கட்டாயம். ஆளுக்கு மொத்தம் 12,000 ரூபா ஒதுக்கி வச்சா போதும். ரிஜெக்ட் ஆனா ஃபீஸ் திரும்பாது.

எந்த நாட்டு விசாங்கிறதுல கவனமா இருங்க. அதிக ராத்திரி எங்க தங்குறீங்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் அப்ளை பண்ணணும், சமமா இருந்தா முதல்ல நுழையுற நாடு. "இத்தாலிக்கு ஸ்லாட் இல்ல, இன்னொரு நாட்டுக்கு இருக்கு, அதுல எடுத்துட்டு சிசிலி போயிடலாம்"னு ஒரு ஏஜென்ட் எங்களுக்கு ஐடியா கொடுத்தார். பார்டர்ல கேள்வி கேட்டா மாட்டப்போறது ஏஜென்ட் இல்ல. வழியில பாரிஸ்ல ரெண்டு நாள் இருக்கணும்னா இருங்க, இத்தாலி ராத்திரி அதிகமா இருந்தா சிக்கல் இல்ல.

நாங்க கொடுத்த பேப்பர்: ஃபாரம், போட்டோ, பாஸ்போர்ட் பழசு புதுசு ரெண்டும், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் பேங்க் சீலோட, மூணு மாச சம்பள ஸ்லிப், மூணு வருஷ ஐடிஆர், ஆபீஸ்ல இருந்து லீவு லெட்டர், கவர் லெட்டர், நாள்வாரியா ட்ரிப் பிளான், போக வர டிக்கெட், எல்லா ராத்திரிக்கும் தங்குற இடத்தோட புக்கிங், இன்ஷூரன்ஸ். இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும், பயண நாள் முழுக்க வரணும், ஷெங்கன்னு எழுதியிருக்கணும். எனக்கு 1,500 ரூபாகிட்ட ஆச்சு.

குரூப்புக்குன்னே உள்ள கண்ணி ரெண்டு இருக்கு. ஒண்ணு, வீடு ஒருத்தர் பேர்ல புக் பண்ணியிருப்பீங்க, மத்த ஏழு பேர் பேர் அதுல இருக்காது. புக்கிங்லயே எல்லார் பேரையும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே சேர்த்து கன்ஃபர்மேஷன் வாங்குங்க, முடியாதுன்னா வீட்டுக்காரரை ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு, அப்ளை பண்ற எல்லார் கவர் லெட்டரும் ஒரே கதையைச் சொல்லணும். எங்கள்ல ஒருத்தர் பழைய பிளானை வச்சு லெட்டர் எழுதி அதுல த்ராப்பானியே இல்ல, கவுன்டர்ல உக்காந்து திருத்தினோம். ஒரே ஃபோல்டர்ல பொதுவான பேப்பர் எல்லாம் போட்டு, கடைசி வெர்ஷன் எதுன்னு பேர்லயே எழுதி வைங்க.

பத்து விரல் ரேகையும் ஒவ்வொருத்தரும் நேர்ல போய் கொடுக்கணும். முன்னாடி ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்து 59 மாசம் ஆகலன்னா திரும்பக் கேக்காமலும் விடலாம். விசா கைக்கு வந்ததும் அங்கேயே தேதியைப் பாருங்க, எத்தனை நாள், எத்தனை தடவை நுழையலாம்னு பாருங்க. சிங்கிள் என்ட்ரின்னாலும் சிசிலியில இருந்து மால்டாவுக்கு கப்பல்ல போய்ட்டு வரலாம், மால்டா ஷெங்கன்தான், போட்ஸால்லோ துறைமுகத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடும். துனிசியா பக்கத்துல இருக்கேன்னு அங்க எட்டிப் பாத்தீங்கன்னா திரும்ப உள்ள வர முடியாது.

ஜெர்மனியில இருக்குற நம்ம ஆளுங்களுக்கு தனி விசா தேவையில்ல, அவங்க ரெசிடென்ஸ் கார்டே போதும், ஆனா கார்டும் பாஸ்போர்ட்டும் ரெண்டுமே கையில இருக்கணும். கார்டு ரின்யூவல்ல இருக்குன்னா கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல கேட்டுடுங்க.

5. ஃப்ளைட்

சென்னையில இருந்து சிசிலிக்கு நேர் ஃப்ளைட் கிடையாது. கல்ஃப் வழியா ரோம் போய் மாறலாம், இல்ல ஃப்ராங்க்ஃபர்ட் வழியா போகலாம். முழுசும் ஒரே டிக்கெட்டா எடுங்க. ரோம் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து கத்தானியாவுக்கு தனியா லோ காஸ்ட்ல 30 யூரோ டிக்கெட்னு பாக்க லாபமா இருக்கும். ஆனா முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது டிக்கெட் குப்பைக்குத்தான், பெட்டியை எடுத்து திரும்ப செக்-இன் போடணும், லோ காஸ்ட்ல பெட்டிக்கு தனிக் காசு, 23 கிலோ பெட்டியை கேட்ல காசு கட்டி ஏத்தினா அந்த லாபம் அங்கேயே போச்சு.

மாறுற இடத்துல மூணு மணி நேரமாவது வைங்க. நாங்க போனப்போ ஸ்டாம்ப் குத்தினாங்க, 2025 அக்டோபர் 12ல இருந்து புது முறை வந்துடுச்சு, முதல் தடவை நுழையும்போது முகத்தை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க, அதனால முதல் ஷெங்கன் ஏர்போர்ட்ல வரிசை நீளும். எங்களுக்கு போக வர ஆளுக்கு 68,000 ரூபா ஆச்சு, மூணு மாசம் முன்னாடி போட்டது.

நேரம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரோம்ல இருந்து சிசிலிக்கு ராத்திரி ரயில் இருக்கு, மெஸ்ஸினா ஜலசந்தி வந்ததும் ரயிலை பெட்டி பெட்டியா பிரிச்சு அப்படியே கப்பலுக்குள்ள ஏத்திடுவாங்க, நீங்க மேல் தளத்துக்குப் போய் காபி குடிச்சுட்டு வரலாம். அந்தக் காலத்து தனுஷ்கோடி போட் மெயில்லகூட ஆள் இறங்கி கப்பல் மாற வேண்டியிருந்துச்சு, இங்க ரயிலே ஏறுது. ஜெர்மனி கோஷ்டி இதுல வந்து எங்களை பொறாமைப்பட வச்சுட்டாங்க.

6. வீடு

எட்டு பேருக்கு நாலு ஹோட்டல் ரூமை விட ஒரு முழு வீடு மலிவு, எங்களுக்கு ஆளுக்கு ராத்திரிக்கு 24 யூரோ சராசரி. எத்தனை படுக்கைன்னு பாக்கிறதை விட எத்தனை பாத்ரூம்னு பாருங்க. எட்டு பேருக்கு ஒரு பாத்ரூம் இருக்குற வீட்டுல காலையில எட்டு மணிக்கு கிளம்பவே முடியாது, பதினொண்ணு ஆகும். லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க, பழைய ஊர்ல நாலாவது மாடின்னா நாலாவது மாடிதான், பெட்டியோட படியேறணும்.

2025ல இருந்து இத்தாலியில இந்த மாதிரி வாடகை வீட்டுக்கெல்லாம் அரசாங்க அடையாள எண் ஒண்ணு கட்டாயம், விளம்பரத்துலயே போட்டிருக்கணும். அது இல்லாத வீட்டை தொடாதீங்க. செக்-இன் அன்னைக்கு எட்டு பேர் பாஸ்போர்ட்டும் கேப்பாங்க, போலீஸ்ல பதிவு பண்ணணும்னு அவங்க சட்டம், அதனால பயப்படவோ சண்டை போடவோ வேண்டாம். நிறைய ஊர்ல தங்குறதுக்கு டூரிஸ்ட் வரி தனி, ஆளுக்கு ராத்திரிக்கு ரெண்டு மூணு யூரோ, பெரும்பாலும் ரொக்கமாத்தான் கேட்டாங்க. எட்டு பேர், மூணு ராத்திரின்னா சட்டுனு 60, 70 யூரோ கையில இருக்கணும்.

விசா வர்ற வரைக்கும் கேன்சல் பண்ணா முழுக்காசும் திரும்புற வீட்டை மட்டும் எடுங்க. ஒரு ராத்திரிக்கு பத்து யூரோ கூட இருந்தாலும் பரவால்ல.

7. கார்: ஒரு வேனா, ரெண்டு காரா?

எங்களுக்குள்ள அதிகமா சண்டை நடந்தது இதுக்குத்தான். ஒம்பது சீட் வேனை சாதாரண கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம், எல்லாரும் ஒண்ணா போகலாம், பாட்டு போடலாம். ஆனா ஒம்பது சீட்டும் நிரம்பினா பெட்டி வைக்க இடம் இருக்காது, பழைய ஊர்த் தெருவுல திருப்பவே முடியாது, பார்க்கிங் கிடைக்காது, ஓட்டுற ஒரே ஆளு பத்து நாளும் ஒய்ன் தொட முடியாது. ரெண்டு சின்ன கார் எடுங்க. ஒரு குரூப் பீச்சுக்கும் இன்னொரு குரூப் கோயிலுக்கும் போகலாம், எட்டு பேரும் பத்து நாள் ஒரே இடத்தைப் பாத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. இந்த ஒரு விஷயத்துலதான் எங்க நட்பு தப்பிச்சுதுன்னு நினைக்கிறேன்.

பேப்பர் இதுதான். இந்திய லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் கட்டாயம் வேணும். பரிவாகன் சைட்ல அப்ளை பண்ணி உங்க ஆர்டிஓவுல வாங்கணும், ஃபீஸ் 1,000 ரூபா, ஒரு வருஷம் செல்லும். எங்க ஆர்டிஓவுல விசா காப்பியும் டிக்கெட்டும் கேட்டாங்க, அதனால விசா வந்த மறுநாளே ஓடினோம். ஒரிஜினல் லைசென்ஸையும் எடுத்துட்டுப் போகணும், பெர்மிட் மட்டும் தனியா செல்லாது.

இப்ப கவுன்டர் கதை. கார் புக் பண்ணவர் பேர்லயே, அதாவது மெயின் டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும். எங்க ரெண்டாவது காரை புக் பண்ணவன்கிட்ட பெர்மிட் இருந்துச்சு, கையில இருந்தது டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இருந்தவருக்கு கார் ஓட்டத் தெரியாது. டெபாசிட்டா 1,200 யூரோவை கார்டுல பிடிச்சு வைக்கணும்னாங்க, இல்லன்னா அவங்க இன்ஷூரன்ஸை 200 யூரோவுக்கு மேல கொடுத்து வாங்கணும்னாங்க, நான் ஆன்லைன்ல முன்னாடியே வாங்கின இன்ஷூரன்ஸ் பேப்பரை அந்தப் பொண்ணு திரும்பிக்கூட பாக்கல. ரெண்டு மணி நேரம் நின்னு கடைசியில அவங்க இன்ஷூரன்ஸையே வாங்கினோம். நீங்க செய்ய வேண்டியது: யார் ஓட்டுறாங்களோ அவங்க பேர்லயே புக்கிங், அவங்க பேர்லயே கிரெடிட் கார்டு, அந்தக் கார்டுல இன்டர்நேஷனல் பரிவர்த்தனையை பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணி லிமிட்டை ஏத்தி வைங்க, பின் நம்பர் ஞாபகம் இருக்கணும். ரெண்டாவது டிரைவர் பேரையும் எழுத வைங்க, அதுக்கு தினமும் கொஞ்சம் காசு. ஆட்டோமேட்டிக் வேணும்னா சீக்கிரம் புக் பண்ணுங்க, அங்க சாதாரணமா கொடுக்கிறது கியர் வண்டிதான். வலது பக்க ரோடு, இடது பக்க ஸ்டியரிங், இடது கையில வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வலது கையில கியர் போடணும், முதல் நாள் எல்லாரும் கதவைத்தான் பிடிச்சு இழுப்பீங்க. ஜெர்மனிக்காரன் முதல் காரை முன்னாடி ஓட்ட நாங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனோம்.

வண்டியை எடுக்கும்போது சுத்தி வீடியோ எடுங்க, கூரை, டயர் ரிம், கண்ணாடி எல்லாம். விடும்போது திரும்ப ஒண்ணு.

லைசென்ஸே யாருக்கும் இல்லயா, பரவால்ல. கத்தானியா, சிராக்கூசா, பாலர்மோ, செஃபலூ எல்லாம் ரயில் இருக்கு, கத்தானியா டு பாலர்மோ பஸ் மூணு மணி நேரத்துக்குள்ள, பாலர்மோ டு அக்ரிஜெந்தோ ரயில் ரெண்டு மணி நேரம். ஞாயித்துக்கிழமை மட்டும் வண்டி கம்மி, அன்னைக்கு ஊர் மாறாதீங்க.

8. ரோட்டுல மாட்டிக்காம இருக்க

முக்கியமானது ZTLனு சொல்ற இசட்.டி.எல், பழைய ஊருக்குள்ள வெளி வண்டி போகக்கூடாத பகுதி. போலீஸ் நிக்க மாட்டாங்க, கேமரா நிக்கும். போர்டுல "வார்கோ அத்தீவோ"ன்னு எரிஞ்சா நாங்க "ஆக்டிவ், அப்ப திறந்திருக்கு"ன்னு நினைச்சோம். அர்த்தம் நேர் எதிர், கட்டுப்பாடு இப்ப நடப்புல இருக்கு, நுழையாதேன்னு அர்த்தம். மேப் ஆப் உங்களை நேரா அதுக்குள்ளதான் இழுத்துட்டுப் போகும். ஒர்த்தீஜியாவுக்கு தலேத்தே பார்க்கிங்ல விட்டுட்டு நடங்க, தவோர்மினாவுக்கு லும்பி இல்ல போர்த்தா கத்தானியா பார்க்கிங்ல விடுங்க. வீட்டுக்காரர்கிட்ட "வாசல் வரைக்கும் கார் வரலாமா, உங்க தெரு இசட்.டி.எல்லா"ன்னு மெசேஜ்ல கேட்டு பதிலை வச்சுக்கோங்க.

பார்க்கிங் கோடு வெள்ளைன்னா இலவசம், நீலம்னா காசு, மஞ்சள்னா தொடாதீங்க. பாலர்மோவுலயும் கத்தானியாவுலயும் ஒருத்தர் ஓடி வந்து கை காட்டி வண்டியை நிறுத்த வச்சுட்டு சில்லறை கேப்பார், அவருக்கும் கார்ப்பரேஷனுக்கும் சம்பந்தமே இல்ல, நீலக் கோட்டுக்கு மெஷின்ல டிக்கெட் நீங்க தனியா எடுக்கணும்.

பெட்ரோல் பங்க்ல "கசோலியோ"ன்னு இருந்தா அது டீசல். கேட்டா பெட்ரோல் மாதிரியே இருக்கும். பெட்ரோலுக்கு "பென்ட்ஸீனா". இதுல தப்பு பண்ணா பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் வராது. மத்தியானமும் ஞாயித்துக்கிழமையும் பங்க்ல ஆள் இருக்க மாட்டாங்க, மெஷின்ல முன்னாடியே காசு போடணும், 50 யூரோ நோட்டைப் போட்டு 38க்கு நிரம்பிடுச்சுன்னா மீதி சில்லறை வராது. டோல் ரோட்ல மஞ்சள் டெலிபாஸ் லேன்ல நுழையாதீங்க, அது நம்ம ஃபாஸ்டேக் மாதிரி கருவி இருக்குற வண்டிக்கு. கத்தானியா டு பாலர்மோ குறுக்கு ரோடு இலவசம், தவோர்மினா பக்கம் போற ரோட்டுக்கு டோல் உண்டு, அதுவும் ரெண்டு மூணு யூரோதான்.

9. எட்னா

எட்னா போற நாளை ட்ரிப்போட கடைசி நாளா வைக்காதீங்க, முதல் ரெண்டு மூணு நாள்ல வைங்க, மேகமோ புகையோ இருந்தா மறுநாளுக்கு தள்ள முடியணும். ரிஃபூஜியோ சபியென்சா வரைக்கும் கார் போகும், 1,900 மீட்டர் உயரம், அங்கிருந்து கேபிள் கார் 2,500 வரைக்கும், அதுக்கு மேல கைடு வேணும். கேபிள் கார் ஆளுக்கு 50 யூரோகிட்ட, பிடிக்கலன்னா கீழயே சில்வெஸ்த்ரி குழிகளை சுத்திப் பாருங்க, நல்லாவே இருக்கும். கீழ 28 டிகிரியில அரை டிராயரோட கிளம்பின எங்க ஆளு மேல போய் கூட வந்த பொண்ணோட துப்பட்டாவை சுத்திக்கிட்டு நின்னான். 2025 ஜூன் 2 அன்னைக்கு மலை குமுறி டூரிஸ்ட் எல்லாம் இறங்கி ஓடின வீடியோ பாத்திருப்பீங்க, அதனால அன்னைக்கு காலையில மேல அனுமதி எதுவரைன்னு கேட்டுட்டே கிளம்புங்க. சாம்பல் பறந்தா கத்தானியா ஏர்போர்ட்டையே மூடுவாங்க. கடைசி ஃப்ளைட் பாலர்மோவுல இருந்து இருக்குறது நல்லதுன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

10. சாப்பாடு

சைவம்னாலும் பட்டினி கிடக்க மாட்டீங்க. பாலர்மோவுல பனெல்லேன்னு ஒண்ணு, கொண்டைக்கடலை மாவுல செஞ்சு எண்ணெயில பொரிச்சு பன்னுக்குள்ள வச்சு தருவாங்க, நம்ம பஜ்ஜிக்கு தூரத்து சொந்தம். கத்தரிக்காயை வச்சு பாஸ்தா அல்லா நோர்மா, கப்போனாத்தா. "மீன் இல்லையா"ன்னு தனியா கேளுங்க, இறைச்சி இல்லன்னு சொல்லிட்டு நெத்திலி போட்டு கொண்டு வருவாங்க. ராத்திரி சாப்பாடு ஏழரை எட்டுக்கு முன்னாடி கிடைக்காது, மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் சின்னக் கடையெல்லாம் மூடிடும், அதுக்கு தகுந்த மாதிரி பிஸ்கட்டாவது கையில வைங்க. எட்டு பேர் திடுதிப்புனு போனா மேஜை கிடைக்காது, காலையிலயே போன் பண்ணுங்க. பில்லுல "கோப்பெர்த்தோ"ன்னு ஆளுக்கு ரெண்டு யூரோ இருக்கும், ஏமாத்து வேலை இல்ல, உக்காந்ததுக்கு காசு.

ஏழாவது நாள் எல்லாருக்கும் நாக்கு செத்துடுச்சு. அப்புறம் பாலர்மோ வந்து பல்லாரோ மார்க்கெட்டுல தக்காளி வாங்கிட்டு இருந்தப்போ பின்னாடி யாரோ யாழ்ப்பாணத் தமிழ்ல போன்ல பேசுறாங்க. அந்த ஊர்ல இலங்கைத் தமிழர் நிறைய பேர் ரொம்ப வருஷமா இருக்காங்க, மோந்தே பெல்லெக்ரினோ மலையில இருக்குற சாந்தா ரொசாலியாங்கிற புனிதையோட கோயிலுக்கு இந்துக்களும் சேர்ந்துதான் போவாங்களாம். அந்த அண்ணாகிட்ட கேட்டு கடையைக் கண்டுபிடிச்சு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கி வீட்டுல ரசம் வச்சோம். ட்ரிப்ல சிறந்த சாப்பாடு எதுன்னு கேட்டா எட்டு பேரும் அதைத்தான் சொல்றாங்க, சிசிலிக்காரங்க மன்னிக்கணும்.

11. பணமும் கணக்கும்

ஒருத்தர் மட்டும் பொதுக் கணக்கு பாக்கட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு 250 யூரோ பொதுப் பைக்கு, கார் வாடகை, பெட்ரோல், பார்க்கிங், மளிகை அதுல இருந்து, சொந்த செலவெல்லாம் அவங்கவங்க. ஸ்ப்ளிட்வைஸ் ஆப்ல அன்னைக்கு ராத்திரியே ஏத்திடணும், மூணு நாள் தள்ளினா "அந்த ஜெலாத்தோ யாரு வாங்கினது"ன்னு விசாரணைக் கமிஷன் வைக்கணும். குடிக்காதவங்க மேல ஒய்ன் பில்லைப் போடாதீங்க. மெஷின்ல கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவான்னு கேட்டா யூரோன்னு அழுத்துங்க, ரூபான்னா அவங்க போடுற ரேட்டுதான்.

சென்னை ஆளுக்கு எவ்வளவு ஆச்சுன்னா, ஒரு யூரோ நூறு ரூபான்னு கணக்குக்கு வச்சு: ஃப்ளைட் 68,000, விசாவும் இன்ஷூரன்ஸும் 13,500, தங்குறது 24,000, கார் 14,000, பெட்ரோல் பார்க்கிங் 5,000, சாப்பாடு 35,000, டிக்கெட் நுழைவுக் கட்டணம் 11,000. சுமார் 1,70,000, ஷாப்பிங் தனி. மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை நிறைய இடத்துல நுழைவு இலவசம், கூட்டத்தைப் பத்தி கவலை இல்லன்னா தேதியை அதுக்கு தகுந்த மாதிரி வைங்க.

ஊருக்கு வந்ததும் பொதுக் கணக்கை உடனே மூடிடாதீங்க. ட்ராஃபிக் ஃபைன் வெளிநாட்டுக்காரங்களுக்கு 360 நாள் வரைக்கும் அனுப்பலாம். பாலர்மோவுல முதல் நாள் சாயங்காலம் பெட்டியை இறக்க ஒரு தெருவுக்குள்ள போனோம், அது இசட்.டி.எல், ஒரு நாள் பாஸ் வாங்கிட்டு போயிருக்கலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாலு மாசம் கழிச்சு, உங்க அட்ரஸை போலீஸுக்கு கொடுத்ததுக்கு கட்டணம்னு சொல்லி கார் கம்பெனி கார்டுல 45 யூரோ எடுத்துக்கிச்சு, அது ஃபைன் இல்ல, அட்ரஸ் கொடுத்த கூலி மட்டும். ஃபைன் இன்னும் வரல. அதுக்குன்னு 200 யூரோவை பொதுப் பையிலயே விட்டு வச்சிருக்கோம், வாரத்துக்கு ஒருத்தனாவது "அதைப் பிரிச்சுடலாமா"ன்னு கேக்குறான்.